தண்ணீர்த் தொட்டிக்குள் ரப்பர் ஸ்பிரேயுடன் இறங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கருவிகளின் கைப்பிடி வழுக்காமல் இருக்கவும், சைக்கிளில் துருப்பிடித்த இடங்களை மூடவும் ரப்பர் கோட்டிங் ஸ்பிரே நான்கு கேன் வாங்கினேன். வெளியே மழை. அதனால் குளியலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலையும் மூடிக்கொண்டு, துணி மாஸ்க் கட்டிக்கொண்டு ஒரு கேனை முழுதாக அடித்து முடித்தேன். பாதியிலேயே தலை கனத்தது. வெளியே வந்ததும் வாந்தி வருவதுபோல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று மாலை, ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி அங்கேதான் குளித்தாள். நெடி அடிக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் லேபிளைப் படித்தேன், பயந்துபோனேன். தம்பியோ, "பெயிண்ட் வாசம்தானே அண்ணா, இதற்கெல்லாமா பயப்படுவது?" என்கிறான். மாடித் தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறது. மீதிக் கேன்களை வைத்து உள்பக்கமிருந்து அடைத்துவிடலாம் என்பது அவன் யோசனை. ஒரு கேனின் நாசில் அடைத்துக்கொண்டது. ஆணியால் குத்தலாமா? கேன்களை அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன். நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் அந்தக் கேன்களை அடுப்புக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். அடைத்துக்கொண்ட கேனை ஆணியால் தொடாதீர்கள். தம்பியிடம், தொட்டிக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். இந்த மூன்றும் முடிந்தபின் மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

பெயிண்ட், பசை, கரைப்பான் புழங்கும் பட்டறைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. நீங்கள் செய்ததை நல்ல அனுபவமுள்ள தொழிலாளர்களே செய்து பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் உள்ளே போய் அடிப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் நமக்குப் பழகிய பொருள்கள். ஸ்பிரே கேன் பார்வைக்கு அவற்றின் உறவுக்காரன்போல் இருக்கிறது. ஆனால் அதன் குணம் வேறு. அதைப் பெயிண்ட் என்று நினைக்காமல், சின்ன கேஸ் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

கேனுக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பூச்சாகத் தங்கப்போகும் செயற்கை ரப்பரும் ரெசினும். இரண்டாவது, அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான்: தயாரிப்பைப் பொறுத்து நாப்தா, ஹெக்சேன், டொலுயின், சைலீன், அசிட்டோன் போன்றவற்றில் ஒன்றோ பலவோ. மூன்றாவது, எல்லாவற்றையும் வெளியே தள்ளும் உந்துவாயு. இது பெரும்பாலும் புரொபேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர். புரொபேனும் பியூட்டேனும் வேறெதுவும் இல்லை, சமையல் எரிவாயுவேதான். அழுத்தத்தில் திரவமாக அடைந்து கிடக்கும் இவை நாசிலை அமுக்கியதும் ஒரே நொடியில் கொதித்து வாயுவாகின்றன. புரொபேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியும் கொதிப்பவை. நீண்ட நேரம் அடிக்கும்போது கேன் கையில் சில்லென்று ஆவதற்குக் காரணம் இதுதான்.

இவற்றில் கருவியின் பிடியில் ஒட்டி நிற்பது ரப்பரும் ரெசினும் மட்டும். அது கேனின் எடையில் சிறு பங்கு. மீதி முழுவதும் காற்றில் போய்விடுகிறது. நீங்கள் குளியலறையை விட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு காலிக் கேன், தரையில் சில கருவிகள், ஒரு சைக்கிள். கேனுக்குள் இருந்ததில் பெரும்பகுதியோ அந்த அறைக் காற்றில்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேனில் 300 கிராம் சரக்கு இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 120 கிராம் உந்துவாயு, 120 கிராம் கரைப்பான். உந்துவாயு அறை வெப்பத்தில் சுமார் 58 லிட்டர் வாயுவாக விரியும். கரைப்பான் முழுவதும் ஆவியானால் சுமார் 30 லிட்டர். புரொபேன், பியூட்டேன் போன்றவை காற்றில் 2 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும். டொலுயின், ஹெக்சேன் ஆவிக்கு அதுவும் வேண்டாம், 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டினால் போதும். அப்படியானால் அந்த ஒரு கேன் 5 முதல் 6 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கப் போதுமானது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள குளியலறையின் மொத்தக் கொள்ளளவே 7.2 கன மீட்டர்தான். கதவிடுக்கில் கொஞ்சம் வெளியேறியிருக்கும், கரைப்பான் எல்லாமும் உடனே ஆவியாகாது என்பதையெல்லாம் கழித்தாலும், நீங்கள் நின்றிருந்த இடம் விளிம்பில்தான் இருந்தது.

விளிம்பு என்று சொல்வதுகூடக் குறைவு. இந்த ஆவிகள் அறை முழுதும் ஒரே சீராகப் பரவி நிற்பதில்லை. எல்லாமே காற்றைவிடக் கனமானவை: புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு, டொலுயினும் ஹெக்சேனும் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவை தண்ணீரைப்போல் கீழே இறங்கித் தரையோடு படுக்கின்றன. முகத்துக்கு நேரே நெடி குறைவாக இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே தீப்பற்றும் அளவு நிறைந்திருக்கலாம். கதவுக்கு அடியில் நழுவி அடுத்த அறைக்குப் போகும். தரையிலுள்ள வடிகால் துளைக்குள் இறங்கும். படிக்கட்டில் இறங்கி அடித்தளத்தில் தேங்கும். எங்கோ ஓரிடத்தில் நெருப்பைச் சந்தித்தால், தீ அதே வழியாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி ஓடி வரும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகனப் பட்டறையில், குழிக்குள் நின்று வண்டியின் அடிப்பகுதிக்கு ரப்பர் கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். இரண்டாவது கேன் முடியப்போகிறது. குழியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, தரையில் குனிந்து இன்னொருவர் கிரைண்டரைத் தொட்டார். பெரிய வெடிச் சத்தம் ஏதும் இல்லை. குப்பென்று ஒரு நீலம் தரையோடு ஓடிக் குழிக்குள் விழுந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. குழிக்குள் இருந்தவர் பிழைத்தார். ஆனால் இரண்டு கால்களிலும் கைகளிலும் தோல் வெந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். கிரைண்டர் பிடித்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "நான் அங்கே இல்லவே இல்லையே சார், எப்படிப் பிடித்தது?" அவர் அங்கே இருக்கத் தேவையில்லை. ஆவியே அவரைத் தேடி வந்திருந்தது.

நெருப்பு என்றால் தீக்குச்சியும் அடுப்பும் மட்டுமல்ல. எரிவாயு வாட்டர் ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சிறு சுடர், ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது அதன் உள்ளே விழும் பொறி, விளக்கு சுவிட்ச், டிரில்லிங் மெஷின், தலைமுடி உலர்த்தி, வண்டியின் பேட்டரி முனை, அணைக்காத சிகரெட் எல்லாம் கணக்கில் வரும். புரொபேன் கலவையைப் பற்றவைக்க வேண்டிய ஆற்றல் கால் மில்லி ஜூல்தான். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சில நாட்களில் சுரீரென்று விரலில் உறைக்குமே, அந்த நிலைமின் பொறியில் இதைவிடப் பல மடங்கு ஆற்றல் இருக்கிறது. உங்கள் மனைவி மாலையில் சுவிட்சைப் போட்டபோது ஒன்றும் நடக்காததற்குக் காரணம், இடையே பல மணி நேரம் கழிந்து ஆவி கலைந்திருந்தது. நீங்கள் அடித்துக்கொண்டிருந்தபோதே யாராவது கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த முறையும் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சாட்சி ஆகாது என்பதற்காகவே சொல்கிறேன்.

உங்கள் தம்பியைப்போல் நினைப்பவர்கள் நிறைய. அதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கலாம். ஒரு காலத்தில் ஸ்பிரே கேன்களில் குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள்தான் உந்துவாயுவாக இருந்தன. அவை எரியாதவை. 1974-இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள், அந்த வாயுக்கள் மேலே போய் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எடுத்துச் சொன்னார்கள். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. கேன்களில் அந்த வாயுக்களின் இடத்தைப் பெரும்பாலும் புரொபேனும் பியூட்டேனும் பிடித்துக்கொண்டன. பூமிக்கு அது நல்ல முடிவு. ஆனால் ஸ்பிரே என்றால் எரியாது என்று கேட்டு வளர்ந்தவர்களின் சொல் அடுத்த தலைமுறையிலும் நீடிக்கிறது. தம்பியிடம் லேபிளில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் உள்ள தீச்சுடர் படத்தைக் காட்டுங்கள். அது அலங்காரத்துக்குப் போட்டதில்லை.

இனி உங்கள் உடம்பு. தலை கனத்ததும் குமட்டியதும் "வாசம் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற சமாசாரம் இல்லை. கரைப்பான் ஆவி நுரையீரல் வழியாக இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய் அதை மந்தப்படுத்தத் தொடங்கியதன் அறிகுறி. கேனில் 60 கிராம் டொலுயின் இருந்து அதெல்லாம் அந்தக் குளியலறையில் ஆவியானால், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 2,000 பங்கு அளவில் இருக்கும். ஒரு முழு வேலைநாளுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைக்கும் சராசரி உச்சம் 100 பங்கு. 500 பங்கை அது உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று வகைப்படுத்துகிறது. உங்கள் கேனில் டொலுயின் இருந்ததா, எவ்வளவு என்பதை லேபிளிலும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளிலும் பார்க்கலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்றே நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டீர்கள் என்பது நல்ல செய்தி. ஒரே ஒரு முறை இப்படி நடந்து முழுதாகத் தெளிந்தவருக்குப் பொதுவாக நீடித்த கேடு வருவதில்லை. தலைவலியோ, நடையில் தள்ளாட்டமோ, நெஞ்சுப் படபடப்போ, மூச்சிரைப்போ மிச்சம் இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி சுவாசிப்பவர்கள் கதை வேறு. ஹெக்சேனை மாதக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை கால் நரம்புகள் பழுதாகி விரல்கள் மரத்துப்போவது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். டொலுயின் செவித்திறனையும் மூளையையும் தாக்கும். போதைக்காக வேண்டுமென்றே முகர்பவர்களுக்கு முதல் தடவையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போயிருக்கிறது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேன்களைப் பூட்டி வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூக்கை நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். சிறிது நேரத்தில் மூக்கு அந்த நெடிக்குப் பழகி, உணர்வதை நிறுத்திவிடும். "இப்போது நெடி குறைந்துவிட்டது" என்று உள்ளே இருப்பவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள். வெளிக்காற்றில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் சொல்லட்டும்.

துணி மாஸ்க் பறக்கும் ரப்பர் துளிகளில் கொஞ்சத்தைத் தடுத்திருக்கும். ஆவியைத் தடுக்கவே தடுக்காது. தூசிக்கான என்95 மாஸ்கும் அப்படித்தான். இதற்கு வேண்டியது முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் ரப்பர் முகமூடி, அதில் கரிம ஆவிகளுக்கான கரி கார்ட்ரிட்ஜ், அதன் மேல் துளிகளைத் தடுக்கும் வடிகட்டி. கார்ட்ரிட்ஜ் உறையைப் பிரித்த நாளிலிருந்தே வீரியம் இழக்கத் தொடங்கும். முகமூடிக்குள் நெடி தெரிந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள். தாடி இருந்தால் முகமூடி சரியாகப் பொருந்தாது. எவ்வளவு நல்ல முகமூடியும் உங்கள் நுரையீரலைத்தான் காக்கும், அறை தீப்பிடிப்பதைத் தடுக்காது. முகமூடி இருக்கிறது என்ற தைரியத்தில் மூடிய அறைக்குள் அடிப்பவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மனைவியைப் பற்றி நீங்கள் கேட்காமலே கேட்டிருப்பது எனக்குப் புரிகிறது. டொலுயின் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று ஐயத்துக்குரிய பொருளாக உலக அளவிலான வகைப்பாட்டில் குறிக்கப்படுகிறது. கர்ப்ப காலத்தில் போதைக்காகத் திரும்பத் திரும்ப முகர்ந்த தாய்மார்களின் குழந்தைகளிடம்தான் கடுமையான பாதிப்புகள் தெளிவாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன. பல மணி நேரம் கழித்து, மிச்ச நெடியில் ஒருமுறை குளித்தது அந்த வகையில் சேராது. இருந்தாலும் என் வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கேனின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போய், எந்த நாள், எவ்வளவு நேரம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இனி குழந்தை பிறக்கும்வரை இந்த வேலை வீட்டுக்குள் வேண்டாம். பூசிய கருவிகளும் சைக்கிளும் நெடி அறவே போகும்வரை வீட்டுக்கு வெளியே, மழை படாத திறந்த இடத்தில் இருக்கட்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று ஆகாது. மேல்தோல் காய்ந்த பிறகும் உள்ளே இருக்கும் கரைப்பான் நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான்.

குளியலறையில் உங்களுக்கு ஒரு கதவு இருந்தது. தலை கனத்ததும் திறந்துகொண்டு வந்துவிட்டீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கதவு மேலே இருக்கிறது. ஆவியோ கீழே தங்குகிறது. உள்ளே குந்தியிருப்பவரின் மூக்கு ஆவி மிக அடர்த்தியாக உள்ள மட்டத்தில் இருக்கும். தலை கனப்பதை உணரும்போதே கை கால் சொன்னபடி கேட்காது; எழுந்து விளிம்பைப் பிடித்து ஏறும் வலு இருக்காது. ஆக்சிஜனும் குறைந்துகொண்டு வரும். வெளிச்சத்துக்கு அவர் எடுத்துப்போன விளக்கிலோ செல்பேசியிலோ ஒரு பொறி விழுந்தால் ஓட இடமில்லை. மேலே நிற்பவர் இதைப் பார்த்ததும் என்ன செய்வார்? தம்பி விழுந்தான் என்றால் அண்ணன் சும்மா நிற்பாரா, உள்ளே குதிப்பார். மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல், காப்பாற்றப் போனவர்களுடையவை என்று நையோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கை சொல்கிறது. இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது. பாசம் அதிகமுள்ள வீட்டில்தான் இரண்டு சாவு விழும்.

வேறொரு காரணமும் உண்டு. சாதாரண ரப்பர் ஸ்பிரே குடிநீர் தொடும் இடத்துக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. லேபிளில் குடிநீருக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தாலொழிய அதைத் தொட்டிக்கு உள்ளே பூசுவது, கரைப்பான் கலந்த தண்ணீரை வீட்டார் எல்லோருக்கும் கொடுப்பதாகும். தொட்டியைக் காலி செய்து, விரிசலை வெளிப்பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், மூடிய இடத்தில் இறங்கப் பயிற்சியும் காற்றை அளக்கும் கருவியும் காற்றோட்ட ஏற்பாடும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அடைத்த நாசிலுக்கு ஆணி வேண்டாம். தலைப்பகுதியைத் தனியாகக் கழற்றி எடுக்க முடிந்தால் எடுத்து, கொஞ்சம் தின்னரில் ஊறவைத்துக் கழுவி, கேனில் திரும்பப் பொருத்தும்போது முகத்துக்கு எதிர்த் திசையில் பிடித்துக்கொள்ளுங்கள். கேனின் வால்வுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. அழுத்தம் ஒரே வீச்சில் வெளியேறினால் மைனஸ் டிகிரியில் வரும் திரவம் விரலை உறையவைக்கும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் அடுத்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இனி அடைக்காமலிருக்க, ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் வெளியில் நின்று கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு மூன்று விநாடி அமுக்கிவிட்டு வையுங்கள்.

சூடு கேனுக்குப் பெரிய எதிரி. 20 டிகிரி செல்சியஸில் உள்ள உந்துவாயுவின் அழுத்தம் 50 டிகிரியில் இரண்டு மடங்காகிவிடும். 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள் என்று எல்லா லேபிளிலும் இருப்பது அதனால்தான். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது. வெயிலில் நிறுத்திய காரும் அப்படியே. மூடிய காரின் முகப்புப் பலகை 70 டிகிரியையும் தாண்டும். கேன் குளிர்ந்து சரியாக அடிக்கவில்லை என்றால் சிலர் அதை வெந்நீரில் போடுவார்கள், ஹீட்டர் முன்னால் வைப்பார்கள். வேண்டாம், அறைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே போதும். நல்ல கேனின் அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருக்கும். அது வெளியே பிதுங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப்போயிருக்கிறது. அதைக் கையில் எடுக்காமல், எல்லோரையும் விலக்கி நிறுத்தி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உங்கள் கேன்களை எடுக்குமுன் அடிப்பாகத்தை ஒரு பார்வை பாருங்கள். பிதுங்கவில்லை என்றால் நிழலான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். ஈரத்தில் வைத்தால் தகரம் துருப்பிடித்துக் கசியும்.

மீதி வேலையை எப்படிச் செய்வது? மழை நிற்கட்டும். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று அடியுங்கள். பக்கத்தில் குழி, வடிகால், அடித்தள ஜன்னல், ஓடும் வண்டி, எரியும் எதுவும் இருக்கக் கூடாது. கேனை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் லேபிள் சொல்லும் நேரம் விடுங்கள், பெரும்பாலும் அரை மணி நேரம். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் பூச்சும் கெடும், ஆவியும் மொத்தமாகக் கிளம்பும். சீக்கிரம் காயட்டும் என்று சூடான காற்று அடிக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும், நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள், டொலுயின் அதை விரைவில் ஊடுருவிவிடும். சைக்கிளில் பிரேக் பிடிக்கும் இடங்களில் ஒரு துளிகூடப் படக் கூடாது. வாகனங்களுக்கு அடிப்பதாக இருந்தால் பிரேக்கோடு புகைக்குழாயையும் விட்டுவிட வேண்டும். பூசிய தகட்டில் பிறகு வெல்டிங் வைக்க நேர்ந்தால் முதலில் பூச்சைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

கதவும் ஜன்னலும் திறந்த பெரிய கொட்டகை மட்டுமே கிடைக்கிறது என்றால் ஃபேன் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் வைக்கும் இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஜன்னலில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தி ஆவியை வெளியே இழுக்கும்போது, அந்த ஆவி மோட்டாரின் வழியாகவே போகிறது. தீப்பொறி விழாதபடி அதற்கென்றே செய்யப்பட்ட ஃபேன்கள் பட்டறைகளில் இருக்கும், வீட்டில் இருக்காது. அதனால் ஃபேனை நல்ல காற்று வரும் வாசலில் நிறுத்தி, வெளிக்காற்றை உள்ளே தள்ளச் செய்யுங்கள். எதிர்ப்பக்கம் கீழ் மட்டம்வரை திறந்திருக்கட்டும். கேனை எடுக்குமுன்பே ஃபேனைப் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்து ஆவி கலையும்வரை எந்த சுவிட்சையும், போடவோ அணைக்கவோ, தொடக் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்: கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தோலில் ஒட்டியதைத் தின்னர் போட்டுத் துடைக்காமல், காயவிட்டு உரித்து சோப்பால் கழுவினால் போய்விடும். ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. திரும்பி வரும் கரைப்பான் நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றில் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து. நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால், அது சின்னத் தீயாக இருந்து கேன்கள் அருகில் இல்லை என்றால் மட்டும் பவுடர் அணைப்பானைப் பயன்படுத்தலாம். கேன்களை நெருப்பு தொட்டுவிட்டது என்றால் ஒரு நொடியும் நிற்காதீர்கள். அவை ராக்கெட்போல் எந்தத் திசையிலும் பாயும். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

காலியான அந்த முதல் கேனை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. குப்பையோடு சேர்த்து எரிக்கவோ, ஆணியால் ஓட்டை போடவோ, நசுக்கவோ வேண்டாம். அமுக்கினால் ஒன்றும் வராத கேனிலும் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். திறந்த வெளியில் நாசிலை அமுக்கிச் சீறல் சத்தம் முழுதாக நிற்கும்வரை விட்டுவிட்டு, ஊராட்சியோ நகராட்சியோ அபாயக் கழிவு வாங்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். நாசில் அடைத்து, உள்ளே சரக்கோடு நிற்கும் கேனைக் காலி செய்ய முயலாமல் அப்படியே அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். கழுவியும் சரியாகாவிட்டால் உங்கள் அடைத்த கேனுக்கும் அதே வழிதான். அதுவரை அதை மற்றக் கேன்களோடு சேர்க்காமல், மேலே "அடைத்தது, குத்தாதே" என்று எழுதி ஒட்டி, தம்பியின் கண்ணில் படும்படி தனியாக வையுங்கள்.